பச்சைக் கரை வேட்டித் துண்டு

கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி அது. ஓரத்தில் பச்சைக் கரை. பெரிய டீச்சரின் பழைய டீசல் காருக்குள்ளிருந்து உருவி எடுத்தபோது செம்மண் ஏறி அப்பளமாக விறைத்திருந்தது. என் அத்தா கள்ளக்குறிச்சியில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். கரையைப் பார்த்தே எந்த ரக வேட்டி என்று சொல்லிவிடுவேன். இதுவும் வேட்டியில் கிழித்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

பெரிய டீச்சர் என்பவர், கல்வராயன் மலையில் நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியை. வாரநாட்களில் கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு. சனிக்கிழமை சாயங்காலமானால் மணலூர்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே அவர் கணவர் கரும்பு வைத்திருந்தார். முதல் பஸ் மலை ஏறுவதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடும் என்பதால் கணக்கு சாரும் நானும் டீச்சரின் காரில் தொற்றிக்கொள்வோம். டர்போ வைத்த வண்டி. ஏற்றத்தில் மிதித்தால் மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கும். வளைவுக்கு வளைவு கண்ணை மூடி துஆ ஓதுகிற எனக்கு அந்தச் சத்தம்தான் பாதி தைரியம். நான் ஓதுவதாலா வண்டி ஏறுகிறது, டீசலாலா என்று கணக்கு சார் கேட்பார். அவரே இறங்கி நடக்கும் காலம் சீக்கிரமே வந்தது.

அந்த ஐப்பசியில் டீச்சரின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுவாரமே டீச்சர் பள்ளிக்கு வந்துவிட்டார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மலையை விட்டுக் கீழே மாறுதல் வாங்கிக்கொள்ளச் சொல்லி வெளியூரில் இருந்த மகனும் விடாமல் நச்சரித்தான். "வூட்ல உக்காந்தா செவுத்தையே பாத்துக்கினு இருக்கணும் டீச்சர். அங்கன்னா புள்ளைங்க சத்தம் கேக்குது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். கார் மலையேறும்வரை போகிறேன், அது நின்றால் நானும் நின்றுவிடுகிறேன் என்று மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

பொங்கல் கழிந்ததும் கார் மக்கர் பண்ணத் தொடங்கியது. சமதளத்தில் ஒரு குறையும் தெரியாது. மலையில் இரண்டாவது கியரில் மிதித்தால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பிறகு ஒரு குலுக்கு. விசில் நின்றுபோனது. பின்னால் சைலன்சரிலிருந்து கரும்புகை கக்கும். பைக்கில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போவார்கள். செங்குத்தான வளைவுகளில் நானும் கணக்கு சாரும் இறங்கி நடந்தோம். ஒவ்வொரு தடவையும் டீச்சர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மெக்கானிக் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் தனியாக ஏறி பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே போகிறது என்பார். சைலன்சரைக் கழற்றித் தட்டினார். கரி கரியாகக் கொட்டியது. இரண்டு நாள் சரியாக இருப்பதுபோல் இருந்து மறுபடியும் அதே கதை. கடைசியில் டர்போவே போயிருக்கும், அதைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும், பழைய வண்டிக்கு இந்தச் செலவு தேவையா என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. டீச்சர் வண்டியின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இனி மாறுதல்தான் என்று எனக்குப் பட்டது.

மெக்கானிக் ஆறுதலுக்குச் சொல்வதுபோல, காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் ஏர் ஃபில்டரை எடுத்துக் காட்டினார். "இத பாருங்க, புதுசு மாரி கீது. எவ்ளோ நல்லா வச்சிகினு இருந்தீங்க."

டீச்சர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருசமா இத நான் மாத்தலிங்களே. தெனம் மண்ணு ரோட்ல போய்க்கினு இருக்கேன். அந்த மண்ணெல்லாம் எங்க போச்சி?"

மெக்கானிக் மறுபடி குனிந்தார். ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் போகும் குழாயைத் தடவிக்கொண்டே போய், விளக்குக்குப் பின்னால் கையை நுழைத்தார். குழாயின் வாயில் சணல் கயிற்றால் கட்டியிருந்த துணி கையோடு வந்தது. "காத்தே போவல. காத்து கம்மி, டீசல் ஜாஸ்தின்னா கரும்பொக வராம இன்னா வரும்? எந்தப் புத்திசாலி கட்டனது இத?" என்று சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு" என்றார் டீச்சர்.

கரும்புத் தூசி பறக்கும் நிலத்தில் டிராக்டருக்கும் டீசல் எஞ்சினுக்கும் காற்று போகும் வாயில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். மலை ரோட்டுச் செம்மண்ணுக்குப் பயந்து மனைவியின் காருக்கும் கட்டியிருக்கிறார் மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் பம்புசெட்டில் அவர் காரைக் கழுவும்போது அதன் கண்ணாடிமேல் இந்தத் துணி காய்வதை டீச்சர் பார்த்திருக்கிறார். வண்டி துடைக்கிற துணி என்று நினைத்திருக்கிறார். வாராவாரம் கணவர் அதை அலசிக் கட்டியவரை கார் ஓடியது. அவர் போனபிறகு அதைத் துவைக்க ஆளில்லை. இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது டீச்சர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் முதல் வளைவிலேயே விசில் திரும்பி வந்தது. கணக்கு சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டீச்சர் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். நானும் அன்று கண்ணை மூடவில்லை. ஓய்வு பெறும்வரை, அந்தத் துணியை வாராவாரம் தானே அலசிக் கட்டி, அவர் அதே காரில்தான் மலையேறினார்.

இப்போது நாங்கள் போகிற வழியில் நல்ல தார் ரோடு. நானே ஒரு சின்னக் கார் வாங்கி, துஆ ஓதிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். டீச்சரின் கார் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது, ஓடி வெகுநாளாகிறதாம். டீ போட அவர் உள்ளே போனபோது கொடியைப் பார்த்தேன். புடவைகளுக்கு நடுவில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு, நைந்து வெளுத்து, சொட்டச் சொட்டத் தொங்கியது.

டம்ளரோடு வந்தவரிடம், ஓடாத காருக்கு இன்னுமா கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கட்டறதில்ல டீச்சர்" என்றார். "ஞாயித்துக்கெழம ஆனா தொவச்சிப் போட்றேன். அவ்ளோதான்."