கழட்டிய காயிலின் அளவு

எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில், மின்காயில் செய்யும் தொழிற்சாலையின் டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து, காயிலின் மின்தடையை அளக்கும் ஒரு மீட்டரும், அதைக் கேபிள் வழியாக இயக்கும் மேஜைக் கால்குலேட்டரும் வந்திறங்கின. கூட வந்த புத்தகத்தில் பாதி ஜெர்மன்.

எந்த எழுத்தை அனுப்பினால் மீட்டர் என்ன செய்யும் என்று மூன்று மாதம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நோட்டில் எழுதினேன். பதில் ஒரே வரிசையாக வரும்: +1.2000E+03. E-க்குப் பின்னால் வருவது புள்ளியை எத்தனை இடம் தள்ள வேண்டும் என்பது. ஆக, ஆயிரத்து இருநூறு ஓம். அது பிடிபட்ட அன்று பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ராயபுரம் வரை நடந்தே வீட்டுக்குப் போனேன்.

"டைப் அடிச்சுட்டுத் தரேம்மா" என்று இன்ஜினியர் நோட்டை வாங்கிப் போனார். டைப்பாகி வந்தபோது அட்டையில் அவர் பெயர் இருந்தது. ஏன் என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பேக்கிங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காசிமேட்டுக்காரி. "இன்னாமே, உன் நோட்ட வச்சிகினு அவன் பேர் வாங்கினுகீறான், நீ கம்முனு கீற?" என்றாள்.

"இரு அக்கா, பாரு" என்றேன்.

நோட்டில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும். 'அளவு என்ன' என்று மட்டும் கேட்டால் அந்த மீட்டர் கடைசியாக அளந்ததையே திருப்பிச் சொல்லும். 'புதிதாக அள' என்பதற்கு முதலில் வேறோர் எழுத்தை அனுப்ப வேண்டும். நோட்டைக் கொடுத்த மறுநாள்தான் அதைக் கண்டுபிடித்தேன். காயில்கள் எல்லாம் ஒரே ரகம் என்பதால், எண் மாறாததை அவர் கவனிக்கவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். காயில் பெட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டு மாடியிலிருந்த டெஸ்டிங் ரூமுக்குப் போனேன். மூன்று காயில்களை அளந்து காட்டினார் இன்ஜினியர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சார், காயிலக் கழட்டிட்டு ஒரு தடவ அளந்து காட்டுங்களேன்" என்றேன்.

"ஆமா, செய்யுங்க" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

வெறும் கிளிப்புகள் தொங்கின. கால்குலேட்டர் அச்சடித்தது: +1.2000E+03.

"இல்லாத காயிலுக்கு ஆயிரத்து இருநூறு ஓமா?" என்றார் மூத்தவர்.

இன்ஜினியர் இன்னும் மூன்று முறை தட்டினார். அதே எண். அவர் காது மடல் சிவப்பதைப் பெட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சில் ஐஸ் வைத்தது போலச் சுகமாக இருந்தது. பிறகு அவரை நகரச் சொல்லிவிட்டு, அந்த ஒரு எழுத்தைச் சேர்த்து அனுப்பினேன். வரிசையாக ஒன்பதுகள் வந்தன. எதுவும் மாட்டப்படவில்லை என்று அர்த்தம்.

மாடிப்படியில் இன்ஜினியர் என்னை மறித்தார். "முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"பேக்கிங்ல பெட்டி கட்டறவ பேச்ச யார் சார் கேப்பாங்க?"

இரண்டு வாரத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் டெஸ்டிங் ரூமுக்குத் திரும்பினேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் தவறாமல் போகிறவள்தான் நான். இதை ஒரு தடவைகூட அங்கே சொன்னதில்லை.