சிங்கப்பூர் மிட்டாயில் இருந்த ஜெலட்டின்

நேற்று ஸ்டோரில் ஒரு மூட்டையைப் பார்த்து வெலவெலத்துப் போனேன்!

சிவகாசியில் தீப்பெட்டி கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். பேக்கிங்கில் இருக்கும் மும்தாஜ் அக்காதான் அங்கே எனக்கு எல்லாம்.

போன வாரம் அக்கா மகள் ஆயிஷாவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை.

பார்க்கப் போனபோது, என் அண்ணன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். மெத்து மெத்தென்று, ரோஸ் கலரில் இருக்கும். (நானே பாதியைக் காலி செய்திருந்தேன்!)

அக்கா ஊட்ட ஊட்ட, பிள்ளை நாலு தின்றது! சிரித்தது!

நேற்று வந்த லோடு, தீக்குச்சி மருந்தில் சேர்க்கிற பசை. மூட்டையில் 'ஜெலட்டின்' என்று அச்சடித்திருந்தது.

அதே வார்த்தையை மிட்டாய் பாக்கெட்டில் பார்த்த ஞாபகம்!

லோடு இறக்கிய மாரியப்பன் அண்ணனிடம் கேட்டேன்.

"இது எதுல செய்றதுண்ணே?"

"எலும்பு, தோலுதாம்மா. காய்ச்சி எடுப்பாகளாம்."

வீட்டுக்கு ஓடிப்போய் பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். ஜெலட்டினேதான். எந்த மிருகம் என்று போடவில்லை. பன்றியாகவும் இருக்கலாம்.

தின்று செரித்தும் போயிற்று. சொல்லாமல் விட்டுவிடலாமா? சொன்னால், அக்கா இனி என் கையால் எதையாவது வாங்குவாரா?

இன்று காலை கம்பெனி வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா முகம் வாடிவிட்டது.

"மாடா இருக்குமோ புள்ள?"

"தெரியலக்கா. போடல."

"மாடுன்னாலும் முறையா அறுத்திருக்கணுமே..."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் டிபன் பாக்ஸில் இருந்து வெண்டைக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டார்!

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். தெரியாமத் தின்னதுக்குக் குத்தமில்லன்னாக. மிச்சத்த மட்டும் குடுக்காதீகன்னாக."

"எம்மேல கோவமாக்கா?"

"உம்மேல என்ன கோவம்? என் கையாலதான ஊட்டுனேன். அதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு."

"இனிமே நான் குடுத்தா வாங்குவீகளா?"

"நீ மறச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவா போகுது? நீயா வந்து சொன்னேல்ல. இனி நீ எதக் குடுத்தாலும் நான் பாக்கெட்டத் திருப்பிப் பாக்க மாட்டேன் புள்ள."

அழுதுவிட்டேன். (வெண்டைக்காயில் காரம் என்று சமாளித்தேன். அக்கா நம்பவில்லை.)

அவர் பார்க்க மாட்டாராம். இனி ஒவ்வொரு பாக்கெட்டையும் நான்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்!