ஊசி போட்ட பிறகு பேசக்கூடாது

எங்கள் கட்டிட லிஃப்டில் நான் வாயைத் திறந்தாலே கோப்பன்ஹேகன்காரர்கள் பதறிப்போகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் மாடிப்படியில் இறங்குகிறார். இத்தனைக்கும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஆஸ்பத்திரிப் பையோடு போகிறீர்களே, வீட்டில் யாருக்கு என்ன?” மதுரையில் இதைக் கேட்காமல் போனால்தான் சண்டை வரும்.

என் வேலையும் பேச்சில்லாத வேலைதான். விடியற்காலையில் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் கதிரியக்க ஃபுளூரினை உண்டாக்கித் தரும். அதைச் சர்க்கரையோடு கோத்து, சுத்தம் செய்து, ஈயப் பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி வீரியம் போய்விடும். கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி, உடனே பரிமாற வேண்டிய சரக்கு. ஊசி வழியாக உடம்புக்குள் போனதும், எந்த இடம் அதிகமாக உழைக்கிறதோ அது இந்தச் சர்க்கரையை அள்ளிக்கொள்ளும். புற்றுநோய்க் கட்டி பெருந்தீனிக்காரன். அதனால் பெட் ஸ்கேனில் பளிச்சென்று மாட்டிக்கொள்வான். முன்பு இதற்காகச் சென்னைக்கு ஓடியவர்கள் உண்டு. இப்போது மதுரையிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

அப்படித்தான் போன வருடம் ரோஸி அக்காவுக்கும் எடுத்தார்கள். அக்கா சிம்மக்கல்லில் இருக்கிறாள், மிஷன் பள்ளி டீச்சர். கழுத்தில் வந்த நிணநீர்க் கட்டிகளுக்குக் கீமோ முடிந்து, நோய் போய்விட்டதா என்று பார்க்கும் ஸ்கேன். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டிகள் இருந்த இடமெல்லாம் இருட்டு. ஆனால் தொண்டைக்குள் ஒளி! நோய் தொண்டைக்கு இறங்கிவிட்டதோ? நான் மருந்து செய்கிறவன், படம் படிக்கத் தெரிந்தவன் இல்லை. டாக்டருக்கே சந்தேகம், சில நாள் கழித்து மறுபடி எடுப்போம் என்றாராம். கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். “ஊசி போட்டப்புறம் பேசுனியாக்கா?”

“நானா? வாயே தொறக்கலடா.”

அக்கா வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “வெளிய உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு மாப்ள!”

“பக்கத்து சேர்ல ஒரு அண்ணே, அவருக்கும் ஊசி போட்டிருந்தாக. திருவாதவூராம். எங்க ஸ்கூல் கணக்கு டீச்சருக்குச் சொந்தம்டா! எந்த ஊருன்னு கேக்குறவருக்குப் பதில் சொல்லாட்டி, திமிரு புடிச்சவன்னு நெனைக்க மாட்டாரா? பேசாதீங்கன்னு நர்ஸ் சொல்லுச்சு. அதான் மெதுவாப் பேசுனோம்.”

“எம்புட்டு நேரம்?”

“ஸ்கேனுக்குக் கூப்புடுற வரைக்கும்.”

அடக் கடவுளே! மெதுவாகப் பேசினாலும் குரல்வளை உழைக்கும், உழைத்தால் சர்க்கரை தின்னும். தொண்டையில் எரிந்தது பேச்சா, நோயா? எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை.

மறுபடி ஊசி போட்டார்கள். இந்தத் தடவை அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெளியே மச்சான் ஜெபமாலை உருட்ட, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் முடிந்ததும் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தொண்டை இருட்டு. கழுத்து இருட்டு. “நோய் இல்லை” என்றார். மச்சானும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்ட அக்கா, கதவைப் பார்த்து நடந்தாள்.

“எங்கக்கா போற?”

“உள்ள ஒரு அம்மா, கொட்டாம்பட்டியாம். பாவம், அம்புட்டு கேள்வி கேட்டுச்சு, ஊமையாட்டம் உக்காந்திருந்தேன். பதில் சொல்லிட்டு வாரேன்.”

“அய்யோ, அவங்களுக்கு இன்னும் ஸ்கேன் எடுக்கலக்கா!” கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியதாயிற்று.

கோப்பன்ஹேகன் திரும்பி வந்து, உடன் வேலை பார்க்கும் யென்ஸிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “பக்கத்தில் இருந்தவரை உன் அக்காவுக்கு முன்பே தெரியுமா?” என்றான். தெரியாது என்றேன். “அப்படியானால் யாரோடுதான் பேசினார்?” என்று கேட்டான்.

எனக்கும் அந்த ஊசியைப் போட்டால் என்ன தெரியும் என்று சில விடியல்களில் நினைத்துக்கொள்வேன். இங்கே எடுத்தால் என் தொண்டை சுத்தமான இருட்டு. மதுரையில் இறங்கி, ஆட்டோவில் சிம்மக்கல் போய்ச் சேர்ந்ததும் எடுத்தால், எந்த டாக்டரும் பதறிப்போய் இரண்டாவது ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.