அக்கா கொடி ஏந்தவில்லை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் ஆம்பூரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவர். நான் ஆறாவது படிக்கும்போது இறந்துவிட்டார். பத்தாவது முடித்திருந்த அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். வேலை முடிந்ததும் பளு தூக்கும் பயிற்சிக்குப் போவார். "பொட்டப் புள்ளைக்கு இரும்பு எதுக்கு? எவன் கட்டிக்குவான்?" என்று கேட்ட சிலர் கையிலும் இப்போது இந்த நினைவு மலர் இருக்கிறது.

மலர் போட்டால் இறந்தவரைத் தெய்வம் என்று எழுதுகிறார்கள். அக்கா தெய்வம் இல்லை. கோபக்காரர். குழம்பில் உப்பு கம்மியானால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் பொய் சொல்லமாட்டார். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

இந்திய அணியோடு ஒருமுறை வெளிநாட்டுப் போட்டிக்குப் போனார். தொடக்க விழாவில் நம் கொடியை ஏந்தி முன்னால் நடக்கவேண்டிய வீராங்கனை முந்தைய நாள்தான் வந்து சேர்வதாக இருந்தது. அதே உயரம் என்பதால் ஒத்திகையில் அவருக்குப் பதிலாக அக்காவை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கொடியோடு நடந்தார். கம்பின் அடியைத் தாங்கும் தோல் பெல்ட்டில் தையல் விட்டிருந்ததாம். ஊசி கேட்டு வாங்கி அவரே தைத்துக் கொடுத்திருக்கிறார். விழாவன்று அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசை.

ஒத்திகையில் தோழி ஒருவர் அக்காவின் போனிலேயே படம் எடுத்தார். அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. 'விழாவில் நாட்டின் கொடி நம்ம தெருப் பெண் கையில்' என்று கீழே எழுதியிருந்தது. அக்கா ஊர் வந்து இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் மாமா வைத்த பேனர் நின்றது.

"மாமா, அது ஒத்திகை. விழாவுல நான் கொடி தூக்கல. பேனர அவுத்துடுங்க."

"படத்துல தூக்கினு நிக்கிறது யாரு, என் தோஸ்தா? பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல பேஜார் பண்ணாத. வாய மூடிகினு மாலைய வாங்கிக்கோ."

அக்கா மாலையோடு போய் மைக்கைப் பிடித்தார். "கொடி தூக்கினது வேற ஒருத்தங்க. நான் ஒத்திகையில மட்டும்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "இன்னா அடக்கம் பாரு!" என்றார் என் பக்கத்தில் நின்ற சித்தி.

இரண்டு வருடம் கழித்து யாரோ அந்த விழாவின் வீடியோவைத் தேடி எடுத்து அதே குழுவில் போட்டார்கள். கொடியோடு நடப்பது வேறு பெண் என்று தெரிந்தது. அக்கா பொய்க்காரி ஆனார். "இன்னா கொடியக்கா, இன்னிக்கு எந்த நாட்டுக்கு?" என்று கம்பெனி கேட்டில் கேட்டுச் சிரித்தார்கள். பேனர் வைத்த மாமா, "அவதான் சொன்னா, நாங்க நம்பிட்டோம்" என்றார். மைக்கில் அக்கா பேசியதைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அக்கா பயிற்சியை விட்டார். வேலையை விடவில்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏழு மாதம் அலைந்தோம். ஒருநாள் படுக்கையில் இருந்தபடி, "நான் செத்தா மலர் போடுவீங்க இல்ல? அதுலயாவது சரியா எழுதுடி. யாரையும் திட்டாத" என்றார். முதலில் சொன்னதை மட்டும் செய்திருக்கிறேன்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வண்டி எடுத்த எதிர்வீட்டு பாய்க்கும், சுடுகாடு வரை நடந்து வந்த பயிற்சியாளர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமா பந்தல் போட்டுக் கொடுத்தார். அதற்கும் நன்றி.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தப் படத்தை அம்மாவின் போனிலிருந்து குழுவில் போட்டதும், கீழே அந்த வரியை எழுதியதும் நான்தான். ஒத்திகை என்று தெரிந்தேதான் எழுதினேன். அக்காவைக் கேலி பேசியவர்கள் வாயை அடைக்க நினைத்தேன். பிறகு வீடியோ வந்தபோது என் வாயை மூடிக்கொண்டேன். யார் போட்டது என்று அக்கா கடைசிவரை என்னிடம் கேட்கவே இல்லை. அந்தப் படத்தை அவர் எனக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தார்.