லேபிளின் முதல் வரி

லேப்டாப்பின் உடைந்த திரையை மாற்றித் தருவதுதான் அவன் தொழில். பதினெட்டு வருஷமாக அதே கடை, அதே மேசை, அதே சிடுசிடுப்பு. தெருவில் அவனுக்கு 'லேபிள்' என்று பெயர். யார் எதைக் கொண்டுவந்தாலும், மூடியின் மேல் மினுக்கும் பிராண்டை அவன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேனலைக் குப்புறக் கவிழ்த்து, முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பான். அந்தப் பேனலைச் செய்த கம்பெனி எது என்பது அதில்தான் இருக்கும்.

"பிராண்டுக்காரன் சட்டையை மட்டும்தான் மாட்டி விடறான். படம் காட்டறது பேனல் கம்பெனி" என்பான்.

அதுவரைக்கும் சரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில் தொடங்கிய புதிதில் அவன் மாட்டிய பேனல் ஒன்று மூன்றாம் நாளே அணைந்துபோக, வாடிக்கையாளர் ஒருவர் கடை வாசலிலேயே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். அன்றைக்கு வேறொரு கம்பெனியின் பேனலைப் போட்டு மானம் காத்தவன், அந்தக் கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். 'நம்ம கம்பெனி' என்பான். அந்தத் தொழிற்சாலையில் அவனுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. இப்படி ஒருத்தன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மற்ற கம்பெனிகளின் பேனலெல்லாம் அவனுக்குக் குப்பை. அவற்றையும் வாங்கிப் போடுகிற எதிர்க்கடைக்காரர் திருடன். அதை அவர் காதில் விழும்படியே சொல்வான். யாராவது "கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டால் சுள்ளென்று விழுவான்.

"நம்ம கம்பெனி பேனலைப் போட்டு வேற காட்டணுமா? எரியுதான்னு பாருங்க, எடுத்துட்டுக் கிளம்புங்க."

இப்படிப்பட்டவனுக்கு ஒரு தங்கை. ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தபடியே வண்ணம் திருத்துகிறவள். பெட்டிகளிலும் உறைகளிலும் அச்சாகப் போகும் படங்களில், நிறங்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் வேலை. பதினொரு வருஷத்தில் அவள் சரி என்று அனுப்பிய படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளுடைய லேப்டாப் திரையில் விரிசல் விழுந்தபோது அண்ணன்தான் மாற்றிக் கொடுத்தான். வழக்கம்போல லேபிளின் முதல் வரியைப் பார்த்தான், 'நம்ம கம்பெனி' பேர் இருந்ததும் திருப்தியாக மாட்டிவிட்டான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சிவப்பு பிடிபடவில்லை. எந்தச் சிவப்பும் திரையில் வெளுத்து ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது.

"அண்ணா, இந்தத் திரை என்னமோ சரியில்ல."

"திரையெல்லாம் சரியாத்தான் இருக்கு. முதல்ல உன் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு."

காட்டினாள். ஒரு குறையும் இல்லை என்றார் கண் டாக்டர். அதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாப்பது வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான். தொழில் தெரிந்தவன் இவ்வளவு அடித்துச் சொல்கிறானே என்று அவளும் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். வெளுத்துத் தெரிந்த இடத்திலெல்லாம் சிவப்பைக் கூட்டினாள்.

குழந்தை சோப்புப் பெட்டி ஒன்று அச்சாகி வந்தது. பெட்டியில் சிரிக்கிற குழந்தையின் இரண்டு கன்னங்களும் யாரோ மாறி மாறி அறைந்த மாதிரி சிவந்திருந்தன. அத்தனை பெட்டியும் திரும்பி வந்தது. அச்சகக்காரர் கெட்டவரில்லை. திரையில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதும், அதை மாட்டியவனையே ஃபோனில் கேட்டார்.

அப்போது அவன் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. லேப்டாப்பைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "சார், பேனல் முதல் தரம். அதுல தப்பே வராது. தங்கச்சிக்குத்தான் கொஞ்ச நாளா பார்வை சரியில்ல" என்றான். மறுநாளே அவளுக்கு வேலை போயிற்று.

மூன்று வாரம் கழித்து, கடையில் நாலு பேர் காத்திருந்த ஒரு முற்பகலில், அவள் வந்தாள். கையில் கழற்றிய பேனல். அதை அவன் மேசையில் குப்புறப் போட்டாள்.

"படி."

"இதை யார் கழட்டினது?"

"எதிர்க்கடைக்காரர். நீ திருடன்னு சொல்றியே, அதே ஆள்தான். உக்கார வெச்சுப் பொறுமையா எல்லாத்தையும் காட்டினார். நீ படி."

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பேரைப் பாரு. நம்ம கம்பெனிதான். நான் ஒண்ணும் தப்பாப் போடல."

"பேரை விடு. ரெண்டாவது வரியில மாடல் நம்பர் இருக்கு. அதோட கடைசி எழுத்தைப் படி."

படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்பது மொத்த வியாபாரி தரும் பட்டியலிலேயே இருக்கிறது, அது அவன் மேசை டிராயரில்தான் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. மலிவு லேப்டாப்புகளுக்கென்று அதே கம்பெனி செய்கிற மட்டமான ரகம் அது. கடிதம் அடிக்கப் போதும், ஆனால் நிறங்களில் பாதி அதில் வரவே வராது. அவளுடைய பழைய பேனலும் அதே கம்பெனியில் செய்ததுதான், ஆனால் ரகம் வேறு. பதினெட்டு வருஷமாக லேபிள் படித்தவன் முதல் வரிக்குக் கீழே ஒரு நாளும் இறங்கியதில்லை.

"சரி விடு, வேற நல்ல பேனலாப் போட்டுத் தரேன்" என்றான், குரலை இறக்கி.

"உன் பேனல் யாருக்கு வேணும்? ஃபோன் போடு. என் பார்வை சரியில்லன்னு யார்கிட்ட சொன்னியோ அவருக்கே போடு. ஸ்பீக்கர்ல போடு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

நாலு பேர் முன்னால் வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் மறுக்கத் துணிவு வரவில்லை. போட்டான்.

"சார், தப்பு பேனல்லதான் சார். நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். தங்கச்சி கண்ணுல ஒண்ணுமில்ல. அவளைத் திரும்ப எடுத்துக்கங்க."



"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க" என்றார் அச்சகக்காரர். "உங்க பேச்சை நம்பித்தான் பதினொரு வருஷம் வேலை பார்த்தவங்களை அனுப்பினேன். இன்னைக்கு மட்டும் எதை வெச்சு உங்களை நம்பறது? கூடப் பொறந்தவளுக்காகப் பேசறீங்கன்னுதானே தோணும்? அந்த இடத்துக்கு ஆளும் போட்டாச்சு."

வைத்துவிட்டார். கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கை பேனலை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

காத்திருந்தவர்களில் ஒருவர் தன் லேப்டாப்பை மடியோடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சார், எனக்கு எந்தக் கம்பெனி பேனல் போடப் போறீங்க?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. வாசல்வரை போய்விட்ட தங்கை திரும்பினாள்.

"கம்பெனி பேரைக் கேக்காதீங்க சார். போட்டுக் காட்டச் சொல்லி நீங்களே பாருங்க. எங்க அண்ணன் உங்க கண்ணைக் குறை சொன்னா, எழுந்து எதிர்க்கடைக்குப் போயிடுங்க."