சத்தமாச் சொல்லுங்க

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்த சாயங்காலம் என் வீட்டுக்காரரின் மண்டையை உடைத்தேன்.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் மனுஷர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். சங்கரன்கோவிலில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், வேட்டியை மடித்துக் கட்டினார், நின்றுபோயிருந்த ஒரு தறிக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிட்டார். நான் எதிரே போய் நின்றேன். எண்ணெய்க் குப்பியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து, "ஒண்ணும் ஆகாதுட்டி, பயப்படாத" என்றார். என் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். இவர் இரும்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே எனக்கு ஆறுதல் சொல்கிறார். பக்கத்தில் கிடந்த நாடாவை எடுத்து வீசினேன். நாடா என்றால் பாவாடை நாடா இல்லை. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற மரக்கட்டை. இரண்டு நுனியிலும் இரும்புக் கூர் உண்டு. நெற்றி ஓரத்தில் பட்டு, புருவம் வழியாக ரத்தம் இறங்கியது. எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதிந்த தடம் பல நாள் இருந்தது.

இத்தனை நடந்தும் தெருவில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மற்றத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியார், ராட்டையை நிறுத்தாமலே, "கதவச் சாத்திட்டு அடிச்சுக்கோங்க" என்று வாயை மட்டும் அசைத்தார்.

விசைத்தறித் தெருவில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் காதால் அதிகப் பிரயோஜனம் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் வாயசைவிலேயே எல்லாப் பேச்சும் நடக்கும். குழம்புக்கு என்ன காய் என்பது, ஊர் வம்பு, புருஷன் பெண்டாட்டி கொஞ்சல், எல்லாமே சத்தமில்லாமல்தான். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எல்லாரும் சும்மா வாயை மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். போகப் போகப் பிடிபட்டது. அப்படி நான் முதன்முதலாகத் தெளிவாகப் படித்த வாக்கியம், வீட்டுக்கு வந்த ஒரு அம்மாளிடம் மாமியார் சொன்னது: "இன்னும் ஒண்ணும் தங்கல."

இந்தப் பேச்சில் ஒரு சௌகரியம் உண்டு. நாளைக்கே, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம். யார் காதிலும் விழுந்திருக்காது. எங்கள் வீட்டில் பல வாக்குறுதிகள் அப்படித்தான் காணாமல் போயின.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக ஒன்றும் தங்கவில்லை. பிள்ளை வரம் வேண்டி நான் தின்ற கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குட்டிச்சுவர் எழுப்பியிருக்கலாம். கடைசியில்தான் திருநெல்வேலி டாக்டரம்மாவிடம் போனோம். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிட்டால் பிள்ளை தங்க வழி உண்டு என்றார். எடுக்கும்போது ரத்தம் நிற்காவிட்டால் பையையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதைக் கேட்டபின் முதலில் சொன்னது எனக்கு மறந்தே போனது.

காரணம் இருந்தது. எங்கள் பின் தெருவில் ஒருத்தி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தையல் காய்வதற்குள் அவள் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். புதுப்பெண்ணுக்கு ஆரத்தி கரைத்துக் கொடுத்ததே இவள்தான். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி. குழாயடியில் அவளைப் பார்த்தால் குடம் நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எங்கள் வீட்டிலும் மாமியார் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அதையும் வாயசைவில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்திய அந்த வாரங்களில் வீட்டில் முழுசாக மிஞ்சிய சாமான் குறைவு. பயந்தவர்கள் அழுவார்கள், சாமி கும்பிடுவார்கள், படுத்துக்கிடப்பார்கள். எனக்குப் பயம் கை வழியாகத்தான் வெளியே வந்தது. தண்ணீர்ப் பானையை உலக்கையால் போட்டு உடைத்தேன். சோறு குழைந்துவிட்டது என்று மாமியார் முகத்தைச் சுளித்ததற்காகப் பானையோடு சோற்றை முற்றத்தில் கவிழ்த்தேன். ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து, தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலைக் குறுக்கே வெட்டினேன். விறைப்பாக நின்ற நூல் அத்தனையும் சடசடவென்று அறுந்து தொங்கியது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. என் வயிறும் இப்படித்தான் அறுபடும், நீங்களும் கொஞ்சம் பாருங்கள் என்று நினைத்தேன். அன்று அவர் இடுப்புவாரைக் கழற்றிவிட்டார். என் முதுகில் விழுந்த வரி தடித்துக் கன்றிப்போனது. நானும் சும்மா விடவில்லை. கையில் கத்தரிக்கோல் இருந்தது, அவர் முன்கையில் ஒரு கோடு போட்டேன்.

யாராவது கேட்டால் திட்டுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: அடிக்கிற நேரத்திலும் அடி வாங்குகிற நேரத்திலும் மட்டும்தான் ஆபரேஷன் ஞாபகம் வரவில்லை. அடங்கி உட்கார்ந்த மறுகணம் அடிவயிற்றில் கத்தி ஏறும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அறுந்த பாவு நூலை ஒவ்வொரு இழையாக அவர் பிணைத்துக்கொண்டிருந்தபோது, தப்பான இழைகளை முடிச்சுப் போட்டு மறுபடி அவிழ்ப்பதைப் பார்த்தேன். அந்தக் கை சாதாரணமாகத் தப்புப் பண்ணுகிற கை இல்லை.

ஒரு மத்தியானம் அவர் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே என் முழுக் குரலில் கத்திக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. எங்கள் வீட்டுத் தறி, பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வரிசைத் தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. என் வாய் மட்டும் நிற்கவில்லை.

"பைய எடுத்துட்டான்னா நீ இன்னொருத்திய கூட்டிட்டு வந்துருவ. என்னைய ஆரத்தி கரைக்கச் சொல்லுவ."

தெரு முழுக்கக் கேட்டது. யார் வீட்டிலோ கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.  ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் நிற்பது தெரிந்தது. மாமியார் ராட்டையை விட்டு எழுந்து நின்றார். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு வாயை அசைத்தார். "கூட்டிட்டு வர மாட்டேன்."

"சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். ஜன்னல்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறிகள் மறுபடி இடிக்க ஆரம்பித்தன. அவர் போய் அறுந்த நூலை முடிய உட்கார்ந்துவிட்டார். நான் அன்று எதையும் உடைக்கவில்லை. உடைக்கத் தெம்பில்லை.

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி எங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இடம். அத்தனை அமைதி. எங்கள் மூன்று பேருக்கும் தறிவீட்டுக் குரல். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். வந்ததிலிருந்து நர்ஸ் எங்களை அதட்டிக்கொண்டே இருந்தார். இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று கேட்டார். மாமியார் கொண்டுவந்த புற்றுமண்ணை என் வயிற்றில் பூசியிருந்ததைப் பார்த்துவிட்டு இன்னொரு பாட்டம் திட்டி, மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினார். அந்தத் தேய்ப்பிலேயே தோல் எரிந்தது.

காலையில் என்னைப் பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அறைக்கதவு திறந்திருந்தது. எதிரே நடைவழியில் மாமியாரும் அவரும் நின்றார்கள். மாமியார் முகம் எனக்கு நேராக இருந்தது. வீட்டுக்காரரின் முதுகு மட்டும் தெரிந்தது. நர்ஸிடம் வாங்கிய திட்டு உறைத்துவிட்டதால் மாமியார் குரலை விட்டுவிட்டு வாயசைவுக்கு மாறியிருந்தார். தான் பேசுவது யாருக்கும் கேட்காது என்ற தைரியம். அந்த ஆஸ்பத்திரியிலேயே அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி தன் நேர் எதிரே படுத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"பைய எடுத்துட்டாவன்னா வாசுதேவநல்லூர்ல பேசி முடிச்சிருவேன்" என்றார். "நீ மாட்டேன்னு சொல்லப்படாது."

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. பிடரியும் தோளில் கிடந்த துண்டும்தான் தெரிந்தன. தலை ஒருமுறை அசைந்தது. சரி என்று அசைந்ததா, முடியாது என்று அசைந்ததா, முதுகுப்பக்கம் இருந்து பார்க்கிறவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? திரும்புங்க, திரும்புங்க என்று மனசுக்குள் கதறினேன். மேசைமேல் மாமியாரின் காப்பி பிளாஸ்க் இருந்தது. எடுத்து எறிந்தேன். கதவு நிலையில் பட்டு உள்கண்ணாடி நொறுங்கியது. சூடான காப்பி மாமியார் காலில் கொட்டியது. அவர் அலறினார். இவர் திரும்பினார். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. இரண்டு பேர் என்னை அமுக்கித் தூக்கிப் போட்டார்கள். "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று கேட்டுக்கொண்டே போனேன். வண்டி திரும்பிவிட்டது.

தியேட்டருக்குள் போனதும் என் உயிர் போய்விட்டது. உள்ளே இருந்த எல்லாருடைய வாயையும் துணி மூடியிருந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. வாயைப் பார்த்தே பிழைத்தவள் நான். வாய் தெரியாத மனுஷர்கள் கத்தியோடு நிற்கிறார்கள், துணிக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறார்களோ, எல்லாரும் சேர்ந்து பையை எடுக்க முன்பே முடிவு பண்ணிவிட்டார்களோ என்று வெறி வந்துவிட்டது. ஓங்கி உதைத்தேன். கருவிகள் அடுக்கியிருந்த தட்டு பறந்து, கத்தரியும் இடுக்கியும் தரையெல்லாம் சிதறின. ஒருத்தி விரலைக் கடித்துவிட்டேன். காலை இருவரும் தோளை ஒருவரும் பிடித்து அமுக்கி, கைகளை வார் போட்டுக் கட்டினார்கள். கட்டக் கட்ட இன்னும் திமிறினேன்.

டாக்டரம்மா எல்லாரையும் விலகச் சொன்னார். பிறகு, செய்யக் கூடாத காரியம்தான், தன் முகத்துணியைக் கீழே இறக்கினார். அறுபது வயசு வாய். ஓரத்தில் சுருக்கம், மேல் உதட்டில் மெல்லிய பூனைமுடி.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துவேன். முடியலைன்னா எடுத்துருவேன். எனக்கு நீ பிழைக்கணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முழு வாயும் தெரிந்தது, அதில் ஒளிவுமறைவில்லை. காலை உதைப்பதை நிறுத்தினேன். மூக்கின்மேல் மருந்து வாடையோடு எதையோ வைத்தார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய வார்டு, வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் பெண்கள். வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார். உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாமியார், காலில் கட்டோடு.

எனக்குக் குரல் வரவில்லை. வாயை அசைத்தேன். "இருக்கா?"

அத்தனை தூரத்திலிருந்தும் படித்துவிட்டார். வழக்கம்போல் சத்தமில்லாமல் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலு தறி ஓடுகிற நேரத்தில் கூப்பிடுகிற குரலில், வார்டு முழுக்க அதிரச் சொன்னார்.

"இல்லட்டி. எடுத்துட்டாவ."

தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் விழித்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது. நர்ஸ் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னொருத்தி நம்ம வீட்டுக்கு வர மாட்டா. எங்கம்மாவுக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்லுதேன்."

நான் அழுதேன். ஒவ்வொரு விம்மலுக்கும் தையல் போட்ட வயிறு கிழிந்துவிடுகிற மாதிரி வலித்தது, அப்படியும் நிற்கவில்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் எறிவதற்கு எதையாவது தேடினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர்கூட இல்லை. நர்ஸ் தோற்றுப்போய் அவரை உள்ளே விட்டார்.

"கிட்ட வாங்க" என்று வாயசைத்தேன்.

அடிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.