வாழைக்கு ஊத்துன சிவப்பு

அந்தக் கறுப்புப் பொடி காந்தத்தைத் தேடி நகர்றதைப் பட்டப்பகல்ல பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலுத்துப்போகும். தனித்தனியா கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள். ஜெகதாப்பட்டினத்து இறால் ஓட்டுல இருந்து எடுத்த பசையை அதுமேல பூசியிருந்தேன். சிவப்புச் சாயம் கலந்த தண்ணியில போட்டுக் கலக்குனா அந்தச் சிவப்பைப் பிடிச்சுக்கும். ஜாடிக்கு வெளியே காந்தத்தை வச்சா, மொத்தப் பொடியும் ஊர்ந்து வந்து அங்கே அப்பிக்கும். தண்ணி பளிச்சுன்னு ஆயிரும்.

லீவுக்கு காலேஜ் லேபைப் பூட்டிட்டாங்க. நான் சும்மா இருக்கிற ஜென்மமா? ஆராய்ச்சியை விராலிமலைப் பக்கம் இருக்கிற எங்க வீட்டுக் கொல்லைக்கே தூக்கிட்டு வந்துட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, கைப்பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு வேடிக்கை பார்ப்பா.

"அதெல்லாம் சரிடி, அந்தச் சிவப்பு எங்கிட்டுப் போகுது?"

"ஒனக்கு எதுக்கு அது? பிள்ளையப் பாரு." என் வாய் எப்பவும் அப்படித்தான்.

பொடியைத் திரும்பப் பயன்படுத்தணுமே. சோடா கரைச்ச தண்ணியில கழுவுனா, பிடிச்சு வச்ச அத்தனை சிவப்பையும் கக்கிரும். லேப்ல அதைத் தனி கேன்ல சேர்த்து வைக்கிறவ நான். வீட்டுல அரிசி களைஞ்சது, பாத்திரம் கழுவுனது எல்லாமே கிணத்தடி வாழைக்குத்தான். அந்தப் பழக்கத்துல இதையும் தினம் அங்கேயே சாய்ச்சேன். கிணத்து உறை வெடிச்சிருந்தது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தோணல, அவ்வளவுதான்.

நல்ல மழை பெஞ்ச ரெண்டாம் நாள், கொடியில காய்ஞ்ச பிள்ளைத்துணி அத்தனையும் வெளிறிய சிவப்பா இருந்துச்சு.

"ஐயோ ஆத்தா! பிள்ளைக்கு ரத்தம் போகுதுடி!" அக்கா அலறுனா. பிள்ளை பாட்டுக்குக் காலை உதைச்சுச் சிரிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

எல்லாத் துணியிலயும் ஒரே அளவு சிவப்பு. திட்டுத் திட்டா இல்ல. ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு துணியில பிழிஞ்சேன். சிவப்பு கண்ணெதிர்லயே நீலமாச்சு. புளிப்பு பட்டா ரத்தம் அப்படி மாறாது, என் சாயம் மாறும். கிணத்துல ஒரு வாளி இறைச்சுப் பார்த்தேன். தண்ணி ஒண்ணும் அறியாதது மாதிரி தெளிவா நின்னுச்சு. கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் இருந்தாலும் பருத்தித்துணி இழுத்துக்கும்.

"ரத்தம் இல்லக்கா. என் சாயம். கிணத்துல எறங்கிருச்சு."

அக்கா திட்டுவான்னு நின்னேன். திட்டியிருந்தா தேவலை. பிள்ளை வாயைத் துடைச்சுக்கிட்டே, "ரெண்டு நாளா விக்கல் எடுக்குறப்பெல்லாம் அந்தத் தண்ணியத்தான் காய்ச்சிப் பாலாடையில குடுத்தேன்"னு மெதுவா சொன்னா.

கையுறை இல்லாம நான் அந்தச் சாயத்தைத் தொட்டதே இல்லை.